பல்ப் தொங்கும் இடம்

பதுளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வயரிங் வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். பசறை, ஹாலிஎல, தெமோதரை, நமுனுகுல, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று பஸ் போகிற ஊருக்கெல்லாம் போயிருக்கிறேன். பஸ் போகாத டிவிஷனுக்குக் கொழுந்து லொறியில் தொற்றிக்கொண்டு போயிருக்கிறேன். எங்களைக் கூப்பிடுகிறவர்கள் சொல்லும் காரணங்கள் நாலைந்துதான். ட்ரிப் சுவிட்ச் விழுகிறது, ப்ளக்கில் கருகல் வாசம் வருகிறது, மழை நாளில் சுவரைத் தொட்டால் ஷொக் அடிக்கிறது, புதுசாக ஒரு லைட் போட வேண்டும். கண் கூசுகிறது என்று யாரும் வயரிங் பாஸைக் கூப்பிட்டதில்லை. வேலை முடிந்து, கை கழுவி, பிளேன்டீயைக் கையில் வாங்கும்போதுதான் அந்தப் பேச்சு வரும். "எல்லாம் சரி பாஸ், இந்த லைட்டப் போட்டா மட்டும் கண்ண முழிக்க முடியல. கொஞ்ச நேரத்துல தல வலிக்குது." சொல்லிவிட்டு அவர்களே பதிலும் சொல்லிக்கொள்வார்கள்: "பவர் கூடின பல்ப்போ என்னமோ."

பவர் கூடினது காரணமில்லை. பல்ப் தொங்குகிற இடமும், அதைச் சுற்றியிருக்கிற இருட்டும்தான் காரணம். இரண்டையும் மாற்றப் பெரிய செலவு வேண்டாம். இதைத் தோட்டத்துச் சனத்துக்கும், எனக்குப் பின்னால் இந்த வேலைக்கு வருகிற பொடியன்களுக்கும் விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன்.

தோட்டத் தொழிலாளர் இருக்கிற வரிசை வீட்டை லயம் என்போம். வெள்ளைக்காரன் காலத்து லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. இரட்டை லயமென்றால் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் இருக்கும். அந்தச் சுவரில் ஜன்னல் வைக்க வழியே இல்லை. மேலே தகரம். லயத்துக்குக் கரண்ட் வந்தபோது காம்பராவின் நடு மரத்திலிருந்து வயரைத் தொங்கவிட்டு, முனையில் ஒரு பின் ஹோல்டரை மாட்டினார்கள். கை எட்டினால்தான் பல்ப் மாற்றலாம் என்பதால் வயரை நீளமாகவே விட்டார்கள். நிற்கிற ஆளின் தலைக்கு ஒரு சாண் மேலே பல்ப் இருக்கும். பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்திருப்பவர் எதிரே நிற்கிறவர் முகத்தைப் பார்த்துப் பேச நிமிர்ந்தால் முதலில் பல்ப்தான் கண்ணில் குத்தும்.

இதோடு விறகடுப்புப் புகை சேர்ந்துகொள்கிறது. மூன்று நாலு தலைமுறையாக ஒரே காம்பராவுக்குள் சமையலும் படுக்கையும் நடந்த வீடுகள் அவை. தகரம், மரம், சுவரின் மேல்பாதி எல்லாம் கரி ஏறிக் கறுத்துப் போயிருக்கும். வயர் இழுக்க மேலே ஏறி இறங்கினால் சட்டையை அன்றைக்கே ஊறப்போட வேண்டும். அந்தக் கறுப்புக்கு நடுவில் எரிகிற பல்ப் எத்தனை வோட்டாக இருந்தாலும் கண்ணுக்குப் பகைதான்.

பசறைப் பக்கம் ஒரு லயத்தில், புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராகிற பையன் ஒருவன் பல்ப்பைப் பார்த்தவாக்கில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். வலது கையில் பென்சில். இடது கையைப் புருவத்துக்கு மேலே மறைப்பாகப் பிடித்திருந்தான். கொப்பி நகராமல் பிடிக்கக் கையில்லாததால் முழங்காலால் அதை அழுத்திக்கொண்டிருந்தான். அவனுடைய அம்மாயி பல்ப்புக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தவனிடம் பேசக்கூட அவர் திரும்பவில்லை. குரலை மட்டும் என் பக்கம் அனுப்பினார். பையனின் அப்பா சொன்னார்: "பதினஞ்சு வோட் போட்டோம், கூசுது. ஒம்பது போட்டோம், அப்பவும் கூசுது. ஆனா இப்ப எழுத்தும் தெரியல."

அவர் சொன்னதுதான் சரி. பல்ப்பின் வெளிச்சத்தைப் பாதியாக்கினால் சுவரில் விழுகிற வெளிச்சமும் பாதியாகிறது. கண் பார்ப்பது ஒன்று மற்றதைப் போல் எத்தனை மடங்கு என்பதை. அது அப்படியே இருக்கிறது. நட்டம் கொப்பிக்குத்தான்.

இதைக் கணக்காகவே போட்டு வைத்திருக்கிறார்கள். பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் ஹொப்கின்சனும் பெதர்பிரிட்ஜும் ஆட்களை உட்கார வைத்து, எந்த இடத்தில் கூச்சம் தெரிய ஆரம்பிக்கிறது, எந்த இடத்தில் பொறுக்க முடியாமல் போகிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துக் குறித்து, 1950இல் வெளியிட்டார்கள். அந்த வழியில் வந்த ஆராய்ச்சிகளைச் சேர்த்து, வியன்னாவில் இருக்கிற சர்வதேச வெளிச்ச ஆணைக்குழு 1995இல் யூ.ஜி.ஆர் என்ற எண்ணைக் கொண்டுவந்தது. அந்த எண்ணுக்குள் நாலு சங்கதி இருக்கிறது: லைட்டின் முகம் எவ்வளவு பிரகாசம், அந்த முகம் நம் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, பார்வைக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, பின்னால் இருக்கிற சுவரும் கூரையும் எவ்வளவு வெளிச்சமாக இருக்கின்றன. எண் 10 என்றால் கூச்சம் கிட்டத்தட்டத் தெரியாது. 28ஐத் தாண்டினால் தாங்காது. வகுப்பறைக்கும் எழுத்து வேலை நடக்கிற ஆபிசுக்கும் 19தான் எல்லை.

இந்தச் சூத்திரத்தை லயக் காம்பராவுக்கென்று யாரும் எழுதவில்லை. ஆனாலும் அதை வைத்துக் கணக்குப் போட்டால் நம் வீடுகளில் நடப்பது பளிச்சென்று புரிகிறது. வோட்டைப் பாதியாக்கினால் எண் இரண்டரைகூட இறங்காது. அதே வெளிச்சத்தை நாலு மடங்கு பெரிய முகத்தில் பரப்பினால், அதாவது தெளிந்த கண்ணாடிக்குப் பதில் பெரிய பால் வெள்ளைக் குளோப் போட்டால், கிட்டத்தட்ட 5 இறங்கும். பின்னால் இருக்கிற சுவரின் பிரகாசம் பத்து மடங்கு ஆனால் 8 இறங்கும். கரி படிந்த சுவர் தன் மேல் விழுகிற வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் திருப்பித் தராது. புதுசாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் பத்தில் ஏழு, எட்டுப் பங்கைத் திருப்பித் தரும். அதனால் தோட்டத்து வயரிங் வேலைக்காரனின் சாமான்களில் சுண்ணாம்புத் தூரிகையும் சேர்த்தி என்று நான் சொல்லுவேன். எங்கள் தொழிலில் பலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அது பெயிண்ட் பாஸ் வேலை என்பார்கள்.

அந்தப் பசறை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வேலை வைத்தோம். அப்பாவும் சித்தப்பாவும் வாயில் துணி கட்டிக்கொண்டு ஈர்க்கு விளக்குமாற்றால் கரியைத் தள்ளினார்கள். பையன் உட்காருகிற மூலையில் இரண்டு பக்கச் சுவருக்கும் இரண்டு கை சுண்ணாம்பு அடித்தார்கள். நான் நடுவில் தொங்கின வயரைக் கழற்றி, சுவர் உச்சிக்கு அருகில், அவன் உட்கார்ந்தால் இடது தோளுக்குப் பின்னால் வருகிற இடத்தில் சாய்ந்த ஹோல்டர் ஒன்றை மாட்டினேன். வலது கைக்காரன் என்பதால் எழுதுகிற கையின் நிழல் எழுத்தில் விழாது. பல்ப்புக்கு முன்னால் வெள்ளைப் பெயிண்ட் அடித்த வளைந்த தகரத் துண்டு ஒன்று. வெளிச்சம் முதலில் வெள்ளைச் சுவரில் விழுந்து, அங்கிருந்து அறைக்கு வந்தது. பல்ப் அதே ஒம்பது வோட். இருட்டின பிறகு போட்டுப் பார்த்தபோது பையன் கொப்பியை இரண்டு கையாலும் பிடித்தான். பழையபடி உட்கார்ந்திருந்த அம்மாயி இந்த முறை திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஓ, நீ இன்னாரு மகனா?" என்றார்.

ஓர் எச்சரிக்கை. பல்ப்பின் கூச்சம் தாங்காமல் சில வீடுகளில் காகிதத்தையோ துணியையோ அதில் சுற்றிவிடுகிறார்கள். குண்டு பல்ப் காலத்தில் அது நேரே நெருப்புதான். எல்.ஈ.டியிலும் அடிப்பாகம் சூடாகும். மூடினால் சீக்கிரம் செத்துப்போகும். மறைப்பு தகரமாகவோ சூடு தாங்குகிற பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும், பல்ப்பைத் தொடாமல் தள்ளி நிற்கட்டும்.

வயசானவர்கள் அடிக்கடி சொல்லுவார்கள், குப்பி லாம்பு இருந்தபோது கண் கூசினதே இல்லை என்று. உண்மைதான். மண்ணெண்ணெய்ச் சுடரின் பிரகாசமும் டியூப் லைட் முகத்தின் பிரகாசமும் ஏறக்குறைய ஒன்று. தெளிந்த கண்ணாடிக் குண்டு பல்ப்பின் இழை அதைப் போல் பல நூறு மடங்கு. ஆனால் அந்தக் காலத்தை நினைத்து நான் ஏங்குவதில்லை. குப்பி லாம்பு சாய்ந்து வெந்த கைகளையும் கழுத்துகளையும் பார்த்த சனம் நாங்கள். சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர அந்தக் காயங்களைப் பார்த்துத்தான் குட்டையான, கனமான, உருளாமல் நிற்கிற போத்தல் லாம்பு ஒன்றைச் செய்து நாடெங்கும் கொடுத்தார். அதற்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஒரு விளக்கை அது எரிகிற வீட்டை வைத்து யோசித்த மனிதர் என்று அவரைப் பற்றி நான் பொடியன்களுக்குச் சொல்லுவதுண்டு.

வயசைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருபது வயசில் பொறுக்கிற வெளிச்சம் அறுபதில் பொறுக்காது. கண்ணுக்குள் இருக்கிற வில்லை வயசோடு மங்கி, உள்ளே வருகிற வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. புரை விழ ஆரம்பித்தால் சிதறல் இன்னும் கூடும். அதனால் லைட்டை நகர்த்தி, மறைத்து, சுவரை வெள்ளையாக்கின பிறகும் ஒருவருக்கு மட்டும் கூச்சம் நிற்கவில்லையென்றால், விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றும் சொன்னால், அது என் வேலை இல்லை. பதுளை ஆஸ்பத்திரியில் கண் கிளினிக்குக்குப் போங்கள் என்று சொல்லிவிடுவேன். அப்படிப் போய்ப் புரை எடுத்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். வெயிலில் மலையேறிக் கொழுந்து பறித்தே வயசான பெண்கள், கண் மங்குவதையும் கூசுவதையும் விதி என்று வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள். கரண்ட் வேலைக்கு வந்தவன் சொன்னால்கூடச் சில நேரம் காதில் ஏறுகிறது.

வீடுகளை விட ஸ்டோரில்தான் நான் இந்தக் கூச்சத்தைப் பற்றிக் கூடுதலாகப் படித்தேன். தேயிலைத் தொழிற்சாலையை இங்கே ஸ்டோர் என்போம். ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதென்னையில் 1890இல் லிப்டன் கட்டின ஸ்டோர் தொடங்கி, ஊவா மலையெங்கும் ஒரே கட்டமைப்புதான்: மேல் மாடிகளில் கொழுந்தை வாட்டுவது, கீழே அரைப்பது, புளிக்க வைப்பது, காய வைப்பது, சலிப்பது. பகலில் பறித்த கொழுந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வாட வேண்டியிருப்பதால் அரைப்பு ராத்திரியில்தான் ஆரம்பிக்கும். ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் ஊவாத் தேயிலைக்கு ஒரு தனி வாசம் ஏறும். கொழும்பு ஏலத்தில் நல்ல விலை போகிற காலம் அது. அந்த மாசங்களில் ஸ்டோரில் ராத்திரி யார் கண்ணும் மூடாது. உலகம் குடிக்கிற ஊவாத் தேயிலை செயற்கை வெளிச்சத்துக்குக் கீழேதான் உருவாகிறது. அந்த வெளிச்சத்தின் தரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஒரு ஸ்டோரில் பழைய மெர்குரி லைட்டுகளைக் கழற்றிவிட்டு உயரத்தில் தொங்கவிடுகிற எல்.ஈ.டி ஹைபே லைட்டுகளை மாட்டினார்கள். வேலையை வெளியாட்கள் செய்தார்கள். பில் குறைந்தது, அளவு கருவியில் வெளிச்சம் கூடியிருந்தது, எல்லோருக்கும் திருப்தி. கொஞ்ச நாளில் சலிக்கிற அறையில் காம்பு பொறுக்குகிற பெண்கள் தலைத்துண்டைப் புருவம் வரை இறக்கிக் கட்ட ஆரம்பித்தார்கள். தலைவலி என்று டிஸ்பென்சரிக்குப் போனார்கள். வேறொரு மோட்டார் வேலைக்காகப் போயிருந்த என்னை டீமேக்கர் ஐயா கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அவர்கள் உட்காருகிற இடத்தில் நானும் உட்கார்ந்தேன். மேசையைப் பார்க்கக் குனிந்திருந்தால் ஒன்றுமில்லை. தட்டை நகர்த்த நிமிர்கிற ஒவ்வொரு தடவையும் எதிர் வரிசைக்கு மேலே தொங்கின லைட்டின் சில்லுகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் தைத்தன. மூடி இல்லாத எல்.ஈ.டி. குனிந்தால் அந்தப் புள்ளிகள் தேயிலை மேலேயே மிதந்தன. கறுப்புத் தூளுக்குள் சிவந்த காம்பைத் தேட வேண்டிய கண் அது. தட்டுகளோ மினுக்கின ஸ்டெயின்லஸ் ஸ்டீல். மேலே இருக்கிற லைட் கீழேயிருந்தும் அடித்தது.

பக்கத்தில் இருந்த அக்கா ஒருவரிடம், லைட் மாட்ட வந்தவர்கள் நீங்கள் உட்காருகிற இடத்தைக் கேட்டார்களா என்றேன். "எங்ககிட்ட யாரு தம்பி கேட்டா? நாங்க வேலைக்கு வந்தப்ப மேல லைட்டு மாட்டியிருந்துச்சு, அவ்வளவுதான்."

ஸ்டோரில் எந்த லைட்டுக்கும் மூடி இருந்தே ஆக வேண்டும். பல்ப் உடைந்து கண்ணாடி தேயிலையில் விழக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ்களின் விதி. அந்த மூடியைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். எப்படியும் போட வேண்டிய மூடி, அதைத் தெளிவானதாகப் போடாமல் பால் வெள்ளையில் போட்டால் இரண்டு காரியமும் முடிகிறது. ஹைபேக்களைப் பொறுக்குகிற மேசையின் நேர் மேலிருந்து எடுத்து நடைபாதைப் பக்கம் மாற்றினோம். மேசைக்கென்று எல்.ஈ.டி டியூப்களைப் பெண்களின் தலைக்குக் கொஞ்சம் பின்னால், இரண்டு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் விழுகிற மாதிரி நீளவாக்கில் மாட்டினோம். டியூப்பைப் பார்வைக்குக் குறுக்காக மாட்டினால் அதன் முழு நீளமும் கண்ணில் விழும். பார்வை போகிற திசையிலேயே நீட்டி மாட்டினால் ஒடுங்கின முனைதான் தெரியும். ஸ்டீல் தட்டின் மினுக்கத்தைக் கொல்ல உரசின முகமுள்ள தட்டுகளை டீமேக்கர் ஐயா வரவழைத்தார். பக்கச் சுவர்களுக்கு வெள்ளை அடித்தார்கள். தேயிலைத் தூசு ஒரே மாசத்தில் மூடிகளைக் காவி நிறமாக்கிவிடும், அதனால் துடைக்கிற நாளைச் சுவரில் எழுதி ஒட்டினோம். தலைத்துண்டு பழைய இடத்துக்குப் போனது.

புளிக்க வைக்கிற இடத்தில் பிரச்சினை வேறு. அரைத்த இலை செம்பு நிறத்துக்குத் திரும்புகிற நேரத்தைப் பிடிப்பதில்தான் டீமேக்கரின் பேர் இருக்கிறது. மூக்கும் கையும் பாதி சொல்லும், மீதியைக் கண் சொல்ல வேண்டும். டேலைட் என்று விற்கிற 6500 கெல்வின் எல்.ஈ.டியின் நீல வெளிச்சத்தில் செம்பு நிறம் செத்துத் தெரியும். நீலம் கூடின வெளிச்சம் கண்ணை அதிகமாகக் கூசவும் வைக்கும். 4000 கெல்வினில், நிறத்தைச் சரியாகக் காட்டுகிற ரகமாகப் பார்த்து வாங்குங்கள் என்பேன். பெட்டியில் ரா 80 என்றோ 90 என்றோ போட்டிருக்கும். ஈரமான டைல்ஸ் தரையில் லைட்டின் பிம்பம் விழுந்து இலையின் நிறத்தை வெளிறச் செய்கிறதா என்பதைக் குனிந்து பார்த்துவிட்டு, பிம்பம் டீமேக்கர் நிற்கிற பக்கம் வராதபடி லைட்டைத் தள்ள வேண்டும். டிரையரிலும் இதே கதைதான். வெப்பமானியின் கண்ணாடி முகத்தில் பின்னால் இருக்கிற டியூப் வெள்ளைக் கோடாகத் தெரியும். முள் அந்தக் கோட்டுக்குள் மறைந்திருக்கும். ராத்திரி வேலைக்காரர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். டியூப்பைப் பக்கவாட்டில் மாற்றினால் போதும்.

ரோலர் அறையில் பழைய சோக் போட்ட டியூப் லைட்டுகள் இருந்த காலத்தில் இன்னோர் ஆபத்தும் இருந்தது. நம் கரண்ட் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அந்த டியூப்கள் விநாடிக்கு 100 தடவை துடிக்கும். கண் அதைப் பிடிப்பதில்லை, மூளை சோர்ந்துபோகிறது. ஓடுகிற சக்கரம் நிற்பது மாதிரியும் அதில் தோன்றலாம். என் குரு, பண்டாரவளையில் இருந்த சிங்கள பாஸ், பக்கத்துப் பக்கத்து டியூப்களை மூன்று பேஸிலும் மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொல்லித் தந்தார். ஒன்று மங்குகிறபோது அடுத்தது எரியும். 1989இல் இங்கிலாந்தில் வில்கின்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் ஓர் ஆபிசில் சாதாரண சோக்கை எடுத்துவிட்டு அதிவேக எலக்ட்ரோனிக் சோக் போட்டுப் பார்த்தபோது தலைவலியும் கண்வலியும் பாதிக்கும் கீழே குறைந்தன. இன்றைக்கு மலிவான எல்.ஈ.டி பல்ப்களில் அந்தத் துடிப்பு திரும்ப வந்திருக்கிறது. போனின் கேமராவைத் திறந்து எரிகிற பல்ப்பைக் காட்டுங்கள். கறுப்புக் கோடுகள் திரையில் ஓடினால் அந்தப் பல்ப்பைப் படிக்கிற பிள்ளைக்குப் போட வேண்டாம்.

தோட்டத்து ஆபிசுகளில் மேசைக்கு மேலே கனத்த கண்ணாடி போட்டு, அதற்குக் கீழே கலண்டரும் சாமிப் படமும் வைத்திருப்பார்கள். செக்ரோல் எழுதுகிற கிளார்க்மார் மூக்குக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டும் கண்வலி தீரவில்லை என்பார்கள். மேலே இருக்கிற டியூப் அந்த மேசைக் கண்ணாடியில் விழுந்து நாள் முழுக்கக் கீழேயிருந்து முகத்தில் அடிக்கிறது. பச்சைத் துணி ஒன்றை விரிக்கச் சொன்னால் வேலை முடிந்தது.

கோயில் கதை மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம். திருவிழா என்றால் லைட் வேண்டும், அதில் எனக்கு எதிர்ப்பில்லை. மாரியம்மன் திருவிழாவுக்கு நானே சீரியல் லைட் கட்டியிருக்கிறேன். இப்போது நல்ல மனசுக்காரர்கள் கர்ப்பக்கிரகத்து வாசலுக்கு மேலே எல்.ஈ.டி பிளட் லைட் வாங்கிக் கொடுக்கிறார்கள். அது கும்பிடுகிறவர்களைப் பார்த்து நிற்கிறது. உள்ளே கருங்கல் அம்மன், எண்ணெய் விளக்கு. பிளட் லைட்டுக்குப் பழகின கண்ணுக்கு உள்ளே வெறும் இருட்டுதான். தீபாராதனை காட்டுகிற அந்த ஒரு நிமிஷத்தில்கூட முகம் தெரியவில்லை என்று நமுனுகுலப் பக்கம் ஓர் அம்மா என்னிடம் கண்ணீரோடு சொன்னார். நேர்த்திக்கடன் வைத்து, கொழும்பிலிருந்து பஸ் ஏறி வந்தவர். கோயில் தலைவரிடமும் பூசாரி ஐயாவிடமும் பேசி அந்த லைட்டை வெளி மண்டபத்துக்கு மாற்றினேன். நிலைப்படியின் உட்பக்கத்தில், வெளியே நிற்கிறவர் கண்ணுக்கே தெரியாத மறைவில், மஞ்சள் கலந்த சின்ன லைட் ஒன்றை அம்மன் முகத்தைப் பார்த்து மாட்டினேன். வோட் கணக்கில் முன்னதில் இருபதில் ஒரு பங்கு. அதிலேயே மூக்குத்தி தெரிந்தது.

2022இல் கரண்ட் வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை போனபோது வீட்டுக்கு வீடு சார்ஜ் லைட் வந்தது. அடுத்து அந்த ஆவணியில் கட்டணம் 75 சதவீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதம். சனம் இரண்டு லைட் எரித்த இடத்தில் ஒன்று எரித்தார்கள். செலவை மிச்சம் பிடித்ததை நான் குறை சொல்ல மாட்டேன், சம்பளம் அப்படி. ஆனால் ஒரே ஒரு பிரகாசமான புள்ளியும் சுற்றிலும் இருட்டுமாக இருக்கிற அறைதான் கண்ணுக்குக் கொடுமை. கெட்டித்தனமாக மிச்சம் பிடிப்பதென்றால், இருக்கிற ஒன்றை வெள்ளைச் சுவரைப் பார்த்துத் திருப்ப வேண்டும். சார்ஜ் லைட்டையும் அப்படித்தான்: மேசையில் முகத்துக்கு நேரே நிறுத்தாமல், சுவரைப் பார்த்து, கண் மட்டத்துக்கு மேலே வையுங்கள்.

இப்போது தோட்டங்களில் தனி வீடுகள் எழும்புகின்றன. இந்திய உதவியில் கட்டுகிற வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி. சுவர் பூசி வெள்ளை அடித்து, அடுப்படி தனியாக இருக்கிறது; லயத்தின் கறுப்பு இங்கே இல்லை. பாதிக் கூச்சம் அதிலேயே போய்விடும். மீதிப் பாதி லைட் பொயின்ட் வைக்கிற இடத்தில் இருக்கிறது. பிளானில் எல்லா அறைக்கும் நடுவில் ஒரு வட்டம் போட்டிருக்கும். படுத்துக் கிடக்கிற கிழவருக்கு அந்த நடு லைட்தான் நேர்ப்பார்வை. அடுப்புக்கு முன்னால் நிற்கிற பெண்ணுக்கு அது முதுகுக்குப் பின்னால் இருக்கும். சட்டிக்குள் அவள் நிழல்தான் விழும்.

அதனால் பூச்சு வேலைக்கு முன்னால் சோக்குக்கட்டியோடு போய் வீட்டுக்காரரை வரச் சொல்லுகிறேன். கட்டில் எந்தப் பக்கம், பிள்ளை எங்கே படிக்கும், டிவி எந்தச் சுவரில், வயசானவர் தலை வைக்கிற பக்கம் எது என்று கேட்டுக் கேட்டுச் சுவரில் கோடு போடுகிறேன். ஆண்கள் டிவி இடத்தைத்தான் முதலில் காட்டுவார்கள். ஹாலிஎலப் பக்கம் போன மாசம் ஒரு வீட்டில் அந்த அம்மா சோக்குக்கட்டியை என் கையிலிருந்து வாங்கி, அடுப்பு வரப்போகிற இடத்தில் நின்று, கையைத் தூக்கி, தன் தலைக்குச் சற்று முன்னால் சுவரில் தானே ஒரு வட்டம் போட்டார். "இங்க வையுங்க பாஸ். மேல ஒரு மறைப்பும் வையுங்க. அரிசியில கல்லு பாக்கணும்." பைப் அங்கேதான் பதித்திருக்கிறேன். நடு லைட்டுக்கு ஒதுக்கின வயர் அதற்குப் போதுமானதாக இருந்தது.